முதல் ஆள், கடைசி வீடு

என் கணவர் ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்து பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும் சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டையைப் பற்றிக் கேட்க உட்காருவார்கள். நான் குழாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் முகம் தொங்கிப் போகும். நான் என்ன செய்ய, அவருடைய உத்தியோகத்தில் என் பங்குக்கு வந்தது குழாய்தான்.

பொறியாளர் படைக்காரர்களுக்கு இரண்டு விதமான வேலை. எல்லைப் பக்கம் அனுப்பினால் ரோடு போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், கண்ணிவெடி எடுக்க வேண்டும். ஊர்ப்பக்கம் அனுப்பினால் கன்டோன்மென்ட்டில் இருக்கிற அத்தனை வீட்டுக் கூரைக்கும் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் அவர்கள்தான் பொறுப்பு. முதல் வகை வேலைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இரண்டாம் வகைக்குக் கூடப் போனால் பாதி வேலை மனைவிக்குத்தான். கர்னல் வீட்டில் வெந்நீர் வரவில்லை என்றால் அந்த அம்மாள் எனக்கு போன் செய்வார். டாக்டர் வீட்டு அம்மாள் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டே தன் வீட்டுக் குளியலறை ஒழுகுவதை விவரிப்பார். ஒரு ஊரில் மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு பக்தியாகத் திரும்பி வந்துகொண்டிருந்த என்னை, பூசை முடிவதற்குள்ளேயே ஒரு அம்மாள் தொட்டுக் கூப்பிட்டு, எங்கள் ஜன்னலைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

இத்தனை பேர் வீட்டுக் குழாயையும் சரிசெய்த மனிதரின் வீட்டுக் குழாய் எல்லா ஊரிலும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோவேன். அவர் கோபப்பட மாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "இன்ஜினியர் வீடு கடைசிலதான். ஊர்ல ஒரு வீடு பாக்கி இருந்தாலும் நம்ம வீட்டுக்கு ஆள் வரக் கூடாது," என்பார். ஊரில் ஒரு வீடு எப்போதும் பாக்கி இருக்கும். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடும். கறுப்புப் பெட்டிகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், அங்கே ஒழுகுகிற குழாய்க்கு அடியில் நான் பக்கெட்டை வைப்பேன்.

நாங்கள் இருவரும் செகந்திராபாத்துக்காரர்கள். அவருடைய அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து காலனியில் தங்கிய குடும்பம். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம். அப்பா ஒரு அலுவலகத்தில் கணக்கர். இரண்டு குடும்பமும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். அவர் லெப்டினன்டாக லீவில் வந்திருந்தபோது பெண் பார்க்க வந்தார். என்ன வேலை செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அந்தக் காலத்தில் பெண் அப்படிக் கேட்பது கொஞ்சம் துடுக்குத்தனம். "பாலம் கட்டுவோம், அப்புறம் அதைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவோம்," என்றார். அப்படியும் ஒரு வேலையா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டதால் பிடித்திருக்கிறது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் முடிவு செய்தது சரிதான்.

அவர் எல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் நான் மகளோடு செகந்திராபாத்துக்குத் திரும்பி வந்து, படித்த கான்வென்ட்டிலேயே டீச்சராக வேலை பார்ப்பேன். இப்படி மூன்று நான்கு தடவை. மகள் இந்த ஊர்த் தெருவில் வளர்ந்ததால் நான் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் பதில் சொல்வாள். இன்றைக்கும் அப்படித்தான். எங்கேயோ ஒரு மலையில் அவர் பாலம் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது. என்றைக்காவது ராணுவ எக்ஸ்சேஞ்ச் வழியாக போன் வரும். நடுவில் நான்கு ஆபரேட்டர்கள் இருப்பார்கள், கடலுக்குள்ளிருந்து பேசுவது போல அவர் குரல் கேட்கும்.

"பாலம் முடிஞ்சுது," என்பார்.

"யாரு முதல்ல போனா?"

"காலி லாரி ஒண்ணை விடுவாங்க. நான் கரையில நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன்."

ஒவ்வொரு பாலத்துக்கும் நான் இதைக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் காலி லாரி, கரை, டீ. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்குவேன். மகளிடமும், "உங்கப்பா டீ குடிச்சிட்டு நிக்கிறாராம், ஒண்ணும் பயமில்லை," என்று சொல்லுவேன். அவர் கையில் இருக்கும் கண்ணாடி டம்ளர் வரைக்கும் என் மனசுக்குள் படம் இருந்தது.

மேஜர் ஆனார், கர்னல் ஆனார், கடைசியில் பிரிகேடியர் ஆனார். வீடு பெரிதாகிக்கொண்டே போனது. ஒழுகுகிற குழாய்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. ஓய்வு பெறுவதற்கு முன் மெஸ்ஸில் விருந்து வைத்து அனுப்பும் வழக்கம் உண்டு. அன்றைக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு காலத்தில் இவருக்குக் கீழே லெப்டினன்டாக வேலை பார்த்து, இப்போது கர்னலாகிவிட்ட ஒருவர் இவரைப் பாராட்டிப் பேச எழுந்தார்.

சார் கட்டிய எந்தப் பாலத்திலும் சாருக்கு முன்னால் இன்னொருவர் கால் வைத்ததில்லை என்று ஆரம்பித்தார் அவர். லாரி போகாது, ஜீப் போகாது. எல்லாரையும் கரையில் நிறுத்திவிட்டு சார் தனியாக நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வருவார். கட்டியவன் முதலில் நடக்காத பாலத்தில் அடுத்தவன் பிள்ளையை நடக்கச் சொல்லக் கூடாது என்பது சாரின் பேச்சு. ஒரு தடவை மலையில், அக்கரை மண் உள்வாங்கி, பாலம் சரிந்து, சார் ஆற்றுக்குள் போய்விட்டார். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டோம். தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர், திரும்பி வந்ததும் அதே இடத்தில் மறுபடியும் கட்டிய பாலத்தில் மறுபடியும் அவரேதான் முதலில் நடந்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். அந்த வருஷம் எனக்கு நினைவிருந்தது. மலேரியா என்று எனக்குச் சொன்னார். ஆரஞ்சுப் பழம் நிறையச் சாப்பிடுங்கள் என்று நான் எழுதினேன். லீவில் வந்தபோது ஒரு தோள் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாலிபால் ஆடும்போது விழுந்துவிட்டதாகச் சொன்னார். அதையும் நம்பி எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

சாமான்களோடு ரயிலில் ஹைதராபாத்துக்குத் திரும்பி வந்தோம். நாகபூர் தாண்டும் வரைக்கும் நான் அவரிடம் பேசவில்லை. வண்டியில் சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். அவர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருக்க மாட்டே," என்றார் கடைசியில்.

"நீங்க டீ குடிச்சிட்டு நிக்கிறீங்கன்னு நெனச்சுத் தூங்கினேன். அந்தத் தூக்கம் எல்லாத்தையும் இப்ப யாருகிட்டக் குடுக்கிறது?"

"இனிமே பாலம் ஏது? விடு."

விட்டேன். பாலம் ஏது என்று நானும் நினைத்தேன்.

நாச்சாரத்தில் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக் குடிவந்தோம். கன்டோன்மென்ட் பக்கம் போகாமல் இந்த ஃபேக்டரிகளுக்கு நடுவில் ஏன் வந்தீர்கள் என்று என் தங்கைக்கு இன்னமும் ஆற்றாமை. இவருக்கு இந்த இடம்தான் பிடித்தது. காலையில் மல்லாபூர்ப் பக்கம் நடக்கப் போனால் ஷெட்டுக்கு ஷெட் நின்று, வெல்டிங்கையும் லேத்தையும் வேடிக்கை பார்த்துவிட்டு, பேப்பர் படித்த மனிதரைப் போலத் திருப்தியாகத் திரும்பி வருவார். எனக்கும் பிடித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் தெலுங்குக்காரர்கள், நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசை. கூட வருவதற்கு இவர் இருந்தார். ஊர்ப்பக்க உத்தியோகத்திலும் நடுநடுவே பயிற்சி, முகாம் என்று போய்விடுகிறவர் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷத்தின் எல்லா மாதமும் இவரோடு ஒரே வீட்டில் இருந்தது அப்போதுதான். சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு குழாய்க் கதையில் மறந்துவிடுவேன்.

ஏனென்றால் புதுவீட்டுச் சமையலறைக் குழாயும் ஒழுக ஆரம்பித்தது. அதற்குள் காலனிச் சங்கத்தில் இவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு மோட்டார், மூலை வீட்டுச் சுவர் ஈரம், பிள்ளையார் கோயில் சாக்கடை என்று எல்லாவற்றுக்கும் பிரிகேடியர் சாப்தான். "ஏங்க, இப்ப நீங்க ராணுவத்துல இல்லை," என்று ஞாபகப்படுத்தினேன். "காலனில ஒரு வீடு பாக்கி இருக்கு," என்றார். பக்கெட்டை எடுத்து வைத்தேன்.

நடுவில் ஒரு நாள் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் இவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது வழக்கமாகிவிட்டது. குளியலறையில் நேரமானால் கதவைத் தட்டுவேன். நடக்கப் போனவர் வரவில்லை என்றால் கேட்டுக்குப் போய் நிற்பேன். இத்தனை வருஷமும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தபோது நிம்மதியாகத் தூங்கியவள், கண்ணெதிரே இருக்கும்போது பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷத்து மழையைப் பற்றி ஹைதராபாத்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் காலனிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு நாலா ஓடுகிறது. இந்த ஊரில் பெரிய சாக்கடையையும் நாலா என்போம், மழைக்கால ஓடையையும் நாலா என்போம். எங்களுடையது இரண்டும்தான். அதன் மேலிருந்த சிமென்ட் பலகைப் பாலம், விடிய விடியப் பெய்த ஒரு மழையில் நடுவே முறிந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. பால்காரர் அக்கரையிலேயே நின்று கூப்பிட்டார். உப்பல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால் மல்லாபூரைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் நிற்கும் ரோட்டில் நடந்து போக வேண்டும். புதுப்பாலம் மழைக்காலம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும் என்றார்கள்.

சங்கத்துக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை.

"ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பாலம் போட்டுரலாம். அனுமதி வாங்கிடறாங்க," என்றார்.

"கைக்கு இந்த வம்பு? போட வேண்டியவங்க போடட்டும். நமக்கு நக்கோ," என்றேன். ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று எங்கள் பேச்சில் ஹைதராபாத் இந்தி கலந்துவிடும்.

"கைக்கு நக்கோ? எதிர்வீட்டு டீச்சரம்மா ஸ்கூலுக்கு எப்படிப் போவாங்க?"

எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி. மல்லாபூரைச் சுற்றி அவரால் நடக்க முடியாது. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும் என்பது இவருக்குத் தெரியும். வேண்டுமென்றே அவரைப் பேச்சில் இழுத்தார்.

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னால், அந்த நாட்களில் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மல்லாபூரில் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒருவர் தன் ஷெட்டில் இடம் கொடுத்தார். இரண்டு நீள கர்டர், நடுவே குறுக்குச் சட்டங்கள், மேலே வழுக்காத இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி. இவர் அங்கேயே கிடந்தார். மத்தியானச் சாப்பாட்டைக் கேரியரில் நான் கொண்டுபோவேன். ஷெட்காரர் இவர் சொல்வதற்கு முன்னாலேயே, "ஃபிகர் நக்கோ சாப்," என்பார். கவலை வேண்டாம் என்று அர்த்தம். "கவலைப்படறதுதான் என் வேலை," என்பார் இவர். ஒவ்வொரு வெல்டிங்கையும் சுத்தியலால் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். அவர் பாலம் கட்டி நான் பார்த்ததே இல்லை. போனில் கேட்ட குரல்தான் எனக்குத் தெரியும். இப்போது கண்ணெதிரே, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியும் கையில் சுத்தியலுமாக நிற்கிற மனிதரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. சாம்பார் ஆறிப்போகிறது என்று அதட்டிக் கூப்பிட்டேன்.

கிரேன் வருவதற்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு யாரு முதல்ல போறது?"

பழைய போன்களில் கேட்ட அதே கேள்வி. காலி லாரி, கரை, டீ எதையும் அவரால் இப்போது சொல்ல முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "கட்டினவன்தான்," என்றார்.

"இது என்ன ராணுவச் சட்டமா?"

"சட்டமில்லை. பழக்கம்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? உங்களுக்கு ஒரு தோள் ஏற்கெனவே சாஞ்சு கிடக்கு. கீழே நாலாவுல தண்ணி இன்னும் குறையலை. உங்க ஷெட்காரர் போகட்டும். இல்லைன்னா மணல் மூட்டையை ஏத்திப் பாருங்க."

"மூட்டையும் ஏத்துவோம். ஆனா மூட்டைக்குப் பின்னாடி நான் நிக்க முடியாது. எதிர்வீட்டம்மா நாளையிலேர்ந்து இதுல நடக்கப் போறாங்க. எனக்கே பயமா இருந்தா அவங்களை எப்படி நடக்கச் சொல்றது?"

"அப்ப நான் கரையில நின்னு பார்த்துட்டு இருக்கணும்."

"பயப்படாத. அஞ்சு நிமிஷ வேலை."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. வாழ்நாள் முழுக்க முதல் ஆளாகப் போனவர் இந்த ஒரு தடவை, என் கண் முன்னால், இரண்டாவது ஆளாகப் போக வேண்டும். அவ்வளவுதான். எனக்கு அழுகையாக வந்தது, அழவும் செய்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே தூங்கப் போனேன்.

மறுநாள் காலையில் மழை இல்லை. கிரேன் வந்து பாலத்தைத் தூக்கி இரண்டு கரையிலும் கட்டியிருந்த மேடைகளில் உட்கார வைத்தது. யாரும் ஏறாமல், மணல் மூட்டைகளையும் கிரேனாலேயே பாலத்தின் மேல் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, எடுத்தார்கள். காலனி முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்கூல் பையோடு நின்றார். நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பாலம் திறந்தால் அக்கரையில் தள்ளுவண்டி நிற்கும், வெண்டைக்காய் வாங்கலாம் என்றுதான் பையை எடுத்தேன். வேறு எண்ணம் அப்போது எனக்கு இல்லை. இதை இவர் இன்றுவரைக்கும் நம்பவில்லை.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் ஷெட்காரரோடு கரைச்சரிவில் இறங்கி, பாலத்துக்கு அடியில் குனிந்து, கர்டர் உட்கார்ந்திருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நரைத்த தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் மேலே ஏறி வந்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தனியாக நடப்பார். நான் டீச்சரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று, போதும், என்னால் முடியாது என்றது. பைக்குள் கையை விட்டு ஜெபமாலையைத் தேடினேன், இல்லை. யாரும் ஏறாமலிருக்கப் பாலத்தின் முனையில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு ஏறினேன்.

முதல் நான்கைந்து அடி கண்ணை மூடாத குறைதான். கைப்பிடி ஜில்லென்று இருந்தது. காலுக்கடியில் தகடு லேசாக அதிர்ந்தது. கீழே நாலா கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போனது. எனக்குப் பின்னால் யாரோ தெலுங்கில் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. நடுவே வந்தபோது என் பயம் போய்விட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். எனக்கு முன்னால் வழி காலியாகக் கிடந்தது, இதில் இன்னும் யாரும் நடந்ததில்லை, கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருந்தது. ஓ, சங்கதி இதுதானா என்று நினைத்தேன். நடக்கிறவருக்கு ஒன்றுமே இல்லை, சுகமாகக்கூட இருக்கிறது. பயம் எல்லாம் கரையில் நிற்கிறவருக்குத்தான். இத்தனை வருஷமும் இந்தச் சுகத்தைத் தான் மட்டும் அனுபவித்துவிட்டு எனக்கு டீ கதை சொல்லியிருக்கிறார் என்று வந்த கோபத்தில் மீதி தூரத்தை வேகமாக நடந்துவிட்டேன்.

அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவரைப் பார்த்தேன். சரிவிலிருந்து ஏறி வந்து பாலத்தின் முனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடியில் இருந்தது. டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. அந்த மாதிரி முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பழக்கமான முகம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று, லிஃப்ட் கண்ணாடியில் என் முகமாகவே பார்த்திருக்கிறேன்.

அவர் நடந்து வந்தார். வேகமாக, எதையும் பரிசோதிக்காமல், தகட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் கட்டிய பாலத்தில் இரண்டாவது ஆளாக நடக்கிறோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது.

"யாரைக் கேட்டு ஏறினே?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான்.

"நீங்க கட்டினதுதானே. நம்பி ஏறினேன்."

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா?"

அவர் கேட்டது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அங்கே கிடந்த உடைந்த பலகைக் கல்லில் உட்கார்ந்தார். தள்ளுவண்டிக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார், பாதிப் பாட்டிலைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இல்லைங்க," என்றேன். "நீங்க கரையில நின்னு என்னைப் பார்த்துட்டாவது இருந்தீங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். என் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் எதிர்வீட்டு டீச்சரம்மா, சாப் போய்விட்டார், மேடமே போய்விட்டார், இனி என்ன என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் காலனி முழுக்க வந்தது. நான் வெண்டைக்காய் வாங்கினேன், இளசாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் சமையலைப் பார்க்கப் போனேன். இவர் உடை மாற்றிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன். குழாயைத் திருகினார், தட்டினார், தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். ஒழுகிக்கொண்டிருந்த குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மேற்கூரை வரைக்கும் அடித்தது. இரண்டு பேரும் நனைந்து, சிரித்து, மெயின் வால்வை மூடி, பிளம்பரை வரச் சொல்லி போன் செய்தோம். பிளம்பர் புதுப்பாலத்தில் நடந்து வருவதாகச் சொன்னார்.

பிளம்பருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது சங்கத்திலிருந்து இவருக்கு போன் வந்தது. பாலத்துக் கைப்பிடியில் எங்கேயோ பெயின்ட் விட்டுப்போயிருக்கிறதாம், மூலை வீட்டில் மோட்டார் ஓடவில்லையாம், சாப் உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டு, செருப்பு மாட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"சாயங்காலம் வர்றேன்," என்று இந்தியில் சொன்னார் இவர். "எங்க வீட்டுக் குழாய் வேலை நடந்துட்டு இருக்கு. முதல்ல அது முடியட்டும்."